இழுப்பறையில் மூன்று வாரம்

மலாக்காவின் பாச்சாங்கில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஆபீசில் நான் இரண்டு வருஷத்துக்குச் சற்றுக் குறைவாக வேலை பார்த்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. பள்ளி இறுதிப் பரீட்சையான எஸ்.பி.எம். முடித்திருந்தேன், டைப் அடிக்கத் தெரியும், மலாய்க் கடிதங்களைப் பிழையில்லாமல் எழுதுவேன். இவைதான் என் தகுதிகள். முதலாளி தோட்டங்களுக்கு ஆள் விடும் குத்தகைக்காரர். மலாக்காவைச் சுற்றி மூன்று செம்பனைத் தோட்டங்களில் பழம் வெட்டவும் புல் மருந்து அடிக்கவும் அவருடைய ஆட்கள் போனார்கள். தோட்ட நிர்வாகங்கள் சொந்தமாக ஆள் வைத்துக்கொள்வதைக் குறைத்துக்கொண்டே வந்த காலம். நேற்றுவரை தோட்டத்து ஆளாக இருந்தவர்கள், அதே மரத்தடியில் அதே வேலையை இன்னொருவருடைய ஆளாகச் செய்தார்கள்.

முதலாளியைக் கெட்டவர் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லியிருக்க மாட்டேன். அவரும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவர்தான். கோயில் திருவிழாவுக்கு லாரி அனுப்புவார். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். எனக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவர்தான். அவருடைய மனைவியின் தம்பி முறை. சிரம்பானில் வேலை. அந்த வருஷம் எனக்கு நிச்சயம் ஆகப்போகிறது என்ற சந்தோஷத்தில்தான் நான் அந்த மாடிப்படிகளை ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

வேலையிடத்தில் அடிபட்டால் வைத்தியச் செலவையும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் பெரும்பகுதியையும் தருகிற அரசாங்கக் காப்புறுதி ஒன்று இருந்தது. முதலாளி பெரிய பங்கும் தொழிலாளி சின்னப் பங்கும் மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும். எல்லாரையும் பதிய வேண்டும் என்பது சட்டம். எங்களிடம் இருந்த இருபத்தாறு பேரில் ஒன்பது பேரைத்தான் பதிந்திருந்தோம். ஒன்பது பேரும் ஆண்கள். மருந்து அடிக்கும் பெண்கள் ஒருவர்கூட அதில் இல்லை. "இவங்க இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்கு பேக்டரிக்கு ஓடிடுவாங்க. யாருக்கும்மா போய் பாரம் நிரப்புறது?" என்பார் முதலாளி. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்த விண்ணப்பப் பாரங்களை நிரப்புவது என் வேலை. குறைந்தால் எனக்கு லாபம்.

அந்த ஒன்பது பேரில் ஒருவர் லாரியில் பழம் ஏற்றும்போது தவறி விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டார். இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். ஆஸ்பத்திரியில் காசு கேட்கவில்லை. வீட்டில் இருந்த நாட்களுக்கும் பணம் தபாலில் வந்தது. அவர் அதைத் தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அடுத்த சம்பள நாளில் பதினோரு பெண்கள் மருந்து நாற்றத்தோடு மாடிப்படி ஏறி வந்து என் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

முன்னால் நின்றவர் எனக்குத் தெரிந்த அக்கா. நாங்கள் பாச்சாங்குக்குக் குடிவருவதற்கு முன்னால் தோட்டத்து லயத்தில் எங்களுக்கு இரண்டு கதவு தள்ளி இருந்தவர். புருஷன் இறந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அக்கா அதிகம் பேசாதவர். அன்றைக்கு அவரைத்தான் பேச அனுப்பியிருந்தார்கள்.

"எங்க பேரயும் அதுல போடுமா. வெட்டுறதுக்கு அவங்க போறாங்கன்னா, மருந்த நாங்கதான முதுகுல சொமக்கிறோம்."

"முதலாளிகிட்டதான்கா கேக்கணும்."

"நீ கேளு. ஒனக்குத்தான் எழுத படிக்கத் தெரியும்லா."

நான் கேட்டேன். அந்த மாதம் தொழில் இலாகாவிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்ததாலோ என்னவோ, முதலாளி முகம் சுளிக்காமல், "சரி, எல்லாரையும் போட்டுடு. ஐசி காப்பி வாங்கிக்க" என்றார். நான் அதை என் சாதனையாக நினைத்துக்கொண்டேன்.

அடையாளக் கார்டான ஐசியை வாங்குவது அத்தனை எளிதாக இல்லை. ஒரு காலையில் பெரட்டுக் களத்துக்கே போய் நின்றேன். மேஸ்திரியான மண்டோர் பெரட்டில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் நேரம், இன்னும் வெளிச்சம் சரியாக வரவில்லை. ஒருத்தருக்கு ஐசியில் இருந்த பெயர் என்னவென்றே தெரியவில்லை. பிறந்தபோது எழுதிய கிராணி, தோட்டத்துக் குமாஸ்தா, காதில் விழுந்த மாதிரி எழுதிவிட்டாராம். இன்னொருத்தர் சந்தா பிடித்தம் என்றதும் கையை இழுத்துக்கொண்டார். சிவப்பு ஐசி வைத்திருந்த ஒரு நடுவயதுப் பெண், "இந்த ஊர்லயே பொறந்தேன், ஆனா பிரஜை இல்லன்னு செவப்பு குடுத்திருக்கான். எனக்கெல்லாம் இது கெடைக்காதுலா" என்று சொல்லி ஒதுங்கி நின்றார். சிவப்பு ஐசிக்கும் உண்டு என்று நான் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். எப்படியோ அக்காவைத் தவிர மற்ற பத்துப் பேருடைய விவரங்கள் சேர்ந்தன.

அக்காவுடைய ஐசியைப் பார்த்தபோதுதான் எனக்குக் குழப்பம் வந்தது. அதன்படி அவருக்கு ஐம்பத்தாறு வயது. ஆளைப் பார்த்தால் நாற்பத்தைந்துக்கு மேல் சொல்ல முடியாது.

"இது யார் ஐசிக்கா?"

"என்னுதுதான். படம் நான்தான பாரு." பிறகு குரலைத் தாழ்த்தி, "சூரா ஒரு அக்காவோடது. எனக்கு முன்னால பொறந்து சின்னதுலயே செத்துப்போச்சு. எனக்கு சூரா எடுக்கல. ஐசி எடுக்குற நேரத்துல அம்மா அந்தச் சூராவக் கொண்டாந்து குடுத்துட்டாங்க. பேரும் அவ பேருதான்" என்றார்.

பிறப்புப் பத்திரத்தைத் தோட்டத்தில் சூரா என்போம். செத்துப்போன குழந்தையின் சூராவில் வளர்ந்தவர்களை நான் அதற்கு முன்னாலும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் ஐம்பத்தைந்து தாண்டியவர்களைப் பதியலாமா என்று எனக்குத் தெரியவில்லை. பாரத்தில் அதற்குத் தனிக் கட்டம் ஏதோ இருந்தது. தப்பாக நிரப்பினால் மொத்தமும் திரும்பி வரும் என்று பயந்தேன். "கவுண்டர்ல கேட்டுட்டு போடுறேன்கா. ரெண்டு நாள்தான்" என்றேன். மற்ற பத்துப் பாரங்களும் அந்த வாரமே போயின. அக்காவின் பாரம் என் மேசை இழுப்பறையில் இருந்தது.

அந்த மூன்று வாரத்தைப் பற்றி நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். பெரிய காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பஸ் பிடித்துக் காப்புறுதி ஆபீசுக்குப் போனேன். தொழுகை நேரத்துக்காகக் கவுண்டர் மூடியிருந்தது. இரண்டரை மணி நேரம் காத்திருக்க மனமில்லாமல் பக்கத்தில் சேலைக் கடைக்குப் போய்விட்டேன். அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். அதற்கு அடுத்த வாரம் சம்பளக் கணக்கு. போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை.

இடையில் அக்கா இரண்டு தடவை கேட்டார். முதல் தடவை "இன்னும் இல்லக்கா, போய்டும்" என்றேன். இரண்டாம் தடவை என் நிச்சயத்துக்கு வந்தவர், பந்தியில் எனக்குப் பக்கத்தில் குனிந்து மெதுவாகக் கேட்டார். சுற்றிலும் மாப்பிள்ளை வீட்டார். நான் சிரித்துக்கொண்டே, "போயிடுச்சுக்கா" என்றேன்.

"நல்லாருப்ப" என்று என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மண்டோர் போன் செய்தார். பம்பின் குழாய் மூட்டில் பிய்த்துக்கொண்டு மருந்து அக்காவின் முகத்தில் பீய்ச்சியடித்துவிட்டது. அது கலக்கின மருந்து அல்ல. காலையில் அவசரத்தில் தண்ணீர் குறைவாக ஊற்றிய கட்டி மருந்து. வேலைக்காட்டில் கழுவத் தண்ணீர் இல்லை. கூட இருந்தவர்கள் தங்கள் பாட்டில்களில் இருந்த குடிதண்ணீரை ஊற்றினார்கள். அது தீர்ந்ததும் ஒருத்தர் தேத்தண்ணியை ஊற்றினார். தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரெஸர் தன்னால் முடிந்த அளவு கழுவிவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். லாரி கிடைத்துப் போய்ச் சேரும்போது மத்தியானம்.

நான் சாயங்காலம் போனேன். இரண்டு கண்களிலும் கட்டு. உதடும் கன்னமும் வெந்த மாதிரி இருந்தன. மகள் பள்ளிச் சீருடையோடு கட்டில் ஓரத்தில் நின்றாள். அக்கா என் குரலைக் கேட்டதும் கையை நீட்டி, "பேரு போட்டிருக்கல்ல, அது ஒண்ணுதான் ஆறுதலு" என்றார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை முதலாளி ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். நான் இழுப்பறையைத் திறந்து பாரத்தை எடுத்து அவர் முன் வைத்தேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"பதியாத ஆளுக்கு அடிபட்டா அவங்க ஒரு காசு குடுக்க மாட்டாங்க. தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் முதலாளி."

உண்மையில் தெரியாது. அவர் சொன்னதால் தெரியும் என்றேன்.

"அழாத. வழி இருக்கு. இன்னைக்கே இந்த பாரத்த கொண்டு போய்க் குடு. ஆக்சிடெண்ட் ரிப்போர்ட்ட அடுத்த வாரம் அனுப்புவோம். அடுத்த செவ்வாய்க்கெழம அடிபட்டுச்சுன்னு போடு. அஞ்சு நாள் வித்தியாசத்த எவன் பாக்கப்போறான்? அவளுக்கும் நல்லது. ஒனக்கும் நல்லது. நீ செஞ்ச தப்ப நான்தான மறைக்கிறேன்?"

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கட்டிப்போட்டது. நான் பாரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வயது பற்றிக் கவுண்டரில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். மூன்று வாரமாக நான் பயந்துகொண்டிருந்த காரியம் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. அடுத்த வாரம் விபத்து அறிக்கையை டைப் அடித்தேன். செவ்வாய்க்கிழமைக்குரிய தேதியைப் போட்டேன்.

அக்காவிடம் சொல்ல வேண்டியதும் நான்தான். வார்டில் அவருக்கு இடது கண்ணில் மட்டும் கட்டை எடுத்திருந்தார்கள். அது சிவந்து, ஓயாமல் நீர் வடிந்தது. வலது கண்ணைப் பற்றி டாக்டர் நம்பிக்கையாக எதுவும் சொல்லவில்லை.

"அக்கா, யாராச்சும் வந்து கேட்டா செவ்வாய்க்கெழமதான் அடிபட்டுச்சுன்னு சொல்லுங்க."

"நான் படுத்திருக்கும்போதா?"

"கேட்டா மட்டும்தான்கா."

வடிகிற கண்ணால் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏன்? பாரம் போயிடுச்சுன்னியே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மகள் அப்போது தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அவள் திரும்பி வரும் காலடிச் சத்தம் கேட்டதும் அக்கா சட்டென்று, "சரி. நீ சொன்னா சொல்றேன்" என்றார். என்மேல் இருந்த நம்பிக்கையில் சொன்னாரா, அது போய்விட்டதால் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வலது கண் போய்விட்டது. இரண்டு மாதம் கழித்து அதை எடுத்தே விட்டார்கள். உள்ளே புண் ஆறாமல் மற்ற கண்ணையும் கெடுத்துவிடும் என்றார்கள். காப்புறுதியிலிருந்து எதுவும் வரவில்லை. நான் போன் செய்தபோதெல்லாம் விசாரணையில் இருக்கிறது என்ற ஒரே பதில்தான். முதலாளி முதல் மாதம் மட்டும் அக்கா வீட்டுக்கு அரிசியும் சாமானும் அனுப்பினார். அக்கா ஊரில் எல்லாரிடமும் முதலாளி நல்லவர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது மாதம் காப்புறுதி ஆபீசிலிருந்து என்னையும் அக்காவையும் ஒரே நாளில் கூப்பிட்டார்கள். அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண், என் அம்மா வயது. அக்காவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, மேசைமேல் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று நான் அடித்த அறிக்கை. மற்றது ஆஸ்பத்திரியில் சேர்த்த பதிவு.

"அடேக்," என்று என்னைக் கூப்பிட்டார். தங்கச்சி என்கிற மாதிரியான அழைப்பு. குரலில் கோபமே இல்லை. "வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்ந்தவருக்கு, அடுத்த செவ்வாய்க்கிழமை தோட்டத்தில் எப்படி அடிபட்டது?" என்று மலாயில் கேட்டார்.

அக்காவுக்கு மலாய் புரியும். என் முகத்தைப் பார்க்காமல் அந்த அம்மாவிடம், "செலாசா, புவான். ஹாரி செலாசா" என்றார். செவ்வாய்க்கிழமைதான் அம்மா என்று. சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னார். அதிகாரி அதை எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார்.

அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அந்த அம்மா என்னிடம் பேசியதை வார்த்தைக்கு வார்த்தை என்னால் சொல்ல முடியும். பெயர் பதிந்திருந்தாலும் பதியாவிட்டாலும், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே தொழிலாளிக்குப் பாதுகாப்பு உண்டு. பதியாதது முதலாளியின் குற்றம். அவரிடம் அபராதமும் பாக்கிச் சந்தாவும் வாங்கிக்கொண்டு தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுப்பார்கள். வயது ஐம்பத்தாறு என்றாலும் அடிபட்டதற்கு உண்டு. "உண்மையான தேதியைப் போட்டிருந்தால் இந்த அம்மாவுக்கு எப்போதோ பணம் வந்திருக்கும். இப்போது இது பொய்க் கேஸ். நான் கையெழுத்துப் போட முடியாது. யார் சொல்லி இந்தத் தேதியைப் போட்டாய் என்று எழுதிக் கொடு."

நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருந்தது? ஆனால் அப்படித்தான் சொன்னேன். வெளியே வந்ததும் அக்கா, "சரியா சொன்னேனா?" என்று கேட்டார். "சரியா சொன்னீங்கக்கா" என்றேன். பஸ்ஸில் அவரை ஜன்னல் பக்கம் உட்காரவைத்தேன். இறங்க வேண்டிய இடத்தை அவர் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

முதலாளி சட்டத்தைத் தெரிந்துகொண்டே என்னை அப்படிச் செய்யச் சொன்னார் என்பது எனக்கு அன்றிரவு புரிந்தது. பதிந்த பிறகு அடிபட்டதாகக் காட்டினால் அவருக்கு அபராதம் இல்லை, தப்பு என்னுடையது என்று நினைக்கும்வரை நானும் வாயைத் திறக்க மாட்டேன். அப்பாவிடம் சொன்னேன். அப்பா, "கல்யாணம் முடியட்டுமே" என்றார். அம்மா அதைவிட ஒரு படி மேலே போய், அக்கா பாவம்தான், ஆனால் உன் வாழ்க்கையும் போக வேண்டுமா என்று அழுதாள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அதைத்தான் யாராவது சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு வாரம் நான் வழக்கம்போல ஆபீசுக்குப் போனேன். முதலாளி வழக்கம்போல என்னை "ஏம்மா" என்று கூப்பிட்டார்.

மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை, அக்காவின் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் படித்த பழைய புத்தகங்களை முந்தைய வருஷம் அவளுக்குக் கொடுத்திருந்தேன். அவற்றை ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்திருந்தாள்.

"எனக்கு வேணாம்கா. பேக்டரில எடுத்துட்டாங்க. நாளைக்கு சேரணும்."

"பரீட்சைக்கு நாலு மாசம்தான இருக்கு?"

"அம்மாவால சமைக்கக்கூட முடியல. அடுப்பு எவ்ளோ தூரம்னு தெரியாம வெலகி நின்னு பத்த வைக்கிறாங்க." பையைக் கீழே வைத்தாள். "அம்மா எதையோ எங்கிட்ட மறைக்கிறாங்க. ஆபீசுல என்னக்கா நடந்துச்சு?"

நான் அவளிடமும் சொல்லவில்லை. ஆனால் திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகாமல் நேராக அந்த அதிகாரியிடம் போனேன். இழுப்பறையில் தொடங்கி எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். தைரியத்தால் போனேன் என்று சொன்னால் அது பொய். வீட்டில் அந்தப் புத்தகப் பையைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்த வாரமே என் வேலை போயிற்று. நிச்சயத்தை முறித்துவிட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பிச் சொன்னார்கள். முதலாளி என்னை மறுபடி ஒரே ஒரு தடவைதான் பார்த்தார், கிளேபாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில். "பாரத்த வச்சிருந்தவ நீ. கெட்ட பேரு எனக்கு" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை.

என் வாக்குமூலம் மட்டும் போதவில்லை. அக்காவே பொய்த் தேதிக்குக் கையெழுத்துப் போட்டிருந்ததால் அன்றைக்கு உடன் வேலை செய்தவர்கள் யாராவது வந்து சொல்ல வேண்டும் என்றார்கள். அன்று அந்த நிரையில், ஒரே மர வரிசையில், ஏழு பேர் இருந்தார்கள். தங்கள் குடிதண்ணீரை ஊற்றிய பெண்கள். நான் வீடு வீடாகப் போனேன். ஒருத்தர் கதவைத் திறக்கவில்லை. ஒருத்தர் திறந்து, "எங்களுக்கும் வேல வேணும்லா" என்றார். வந்தவர் ஒரே ஒருத்தர். சிவப்பு ஐசி வைத்திருந்த அந்தப் பெண். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து வியாழக்கிழமை நடந்தது அத்தனையும் சொன்னார். பெயர் வெளியே தெரிந்தால் ஐசிக்கு ஏதாவது ஆகிவிடுமா என்று என்னிடம் மூன்று தடவை கேட்டார். எனக்குத் தெரியாது. ஆகாது என்றேன். நல்லவேளையாக எதுவும் ஆகவில்லை, அடுத்த மாதம் முதல் மண்டோர் பெரட்டில் அவர் பெயரைக் கூப்பிடாமல் விட்டதைத் தவிர.

அக்காவுக்குப் பணம் கிடைத்தது. அடிபட்டு ஒன்றரை வருஷம் கழித்து. மருத்துவக் குழு பார்த்து ஒரு கண்ணின் நஷ்டத்துக்கு மதிப்புப் போட்டார்கள். ஆனால் அந்த மதிப்பைச் சம்பளப் பதிவை வைத்துத்தான் கணக்கிட்டார்கள். முதலாளி அக்கா வேலை செய்த நாட்களில் பாதியைத்தான் பதிவில் காட்டியிருந்தார். அந்தப் பதிவை மாதாமாதம் டைப் அடித்ததும் நான்தான். அவர் கொடுத்ததை அப்படியே அடித்தேன். என்ன அடிக்கிறேன் என்று யோசித்ததில்லை. மாதாமாதம் வந்த தொகை அக்காவின் அரிசிக்கும் மருந்துக்கும் சரியாக இருந்தது. மீதியை மகள் பேக்டரியில் சம்பாதித்தாள். முதலாளிக்கு அபராதம் போட்டார்கள். அவர் குத்தகையை மனைவி பெயருக்கு மாற்றிக்கொண்டு தொழிலைத் தொடர்ந்தார். ஆனால் அதற்குப் பிறகு புதிதாக வந்த பெண்கள் உட்பட ஒருவரையும் விடாமல் பதிந்தார்கள். அடுத்த வருஷம் முள் குத்திக் கால் வீங்கிய ஒருத்தருக்கு வைத்தியமும் விடுப்புப் பணமும் ஒரு மாதத்துக்குள் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அன்று எனக்குக் கதவைத் திறக்காதவர் அவர்தான்.

நான் பிறகு பட்டணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதப் போனேன். அக்காவும் மகளும் தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு தங்கா பத்துவில் ஒரு சின்ன வீட்டுக்கு வாடகைக்குப் போனார்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போவேன். அக்கா, "பசியாறிட்டியா?" என்று கேட்பார். தட்டில் பிஸ்கட் வைப்பார். கண்ணாடிக் கண் பொருத்தியிருந்தார்கள். அது சற்று வேறு பக்கம் பார்க்கும். நல்ல கண்ணும் மங்கிக்கொண்டே வந்தது. தேத்தண்ணிக் கோப்பையை நீட்டும்போது என் கை எங்கே இருக்கிறது என்று ஒரு கணம் தேடுவார். மகளின் ஷிப்டைப் பற்றி, பக்கத்து வீட்டு நாயைப் பற்றி, மழையைப் பற்றிப் பேசுவார். பாரத்தைப் பற்றியோ தேதியைப் பற்றியோ ஒரு தடவைகூடப் பேசவில்லை. நான் ஒரு நாள், "அக்கா, அந்த பாரம்..." என்று தொடங்கினேன். அவர் எழுந்து உள்ளே போய் இன்னும் கொஞ்சம் பிஸ்கட் எடுத்துக்கொண்டு வந்தார்.

அன்றைக்குப் புறப்பட்டபோது மகள் என்னோடு கேட் வரை வந்தாள். பேக்டரிச் சட்டை, முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். வயதுக்கு மேல் வளர்ந்துவிட்ட முகம்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இனிமே வராதீங்க."

நான் அவளையே பார்த்தேன்.

"நீங்க வந்துட்டுப் போனா அம்மா ரெண்டு நாளைக்கு சரியா சாப்பிட மாட்டேங்குறாங்க. எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நீங்க வரும்போது மட்டும் நல்லா பேசுறாங்க. அது எனக்கு பாக்க முடியல."

"அம்மா வர வேணாம்னு சொன்னாங்களா?"

"அவங்க சொல்ல மாட்டாங்கக்கா. நான்தான் சொல்றேன்."

உள்ளே அக்கா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் பேசியது கேட்டிருக்காது. கையைத் தூக்கி, நான் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஆட்டினார். நானும் கையை ஆட்டினேன். பஸ் வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு நான் போகவில்லை.